யாருக்கு எது ஆகாது

காலை ஆறரை மணிக்கு முட்டை லாரி வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். ஷெட்டிலிருந்து அட்டை அட்டையாக முட்டை வந்து ஏறும். சமையலறை ஜன்னலிலிருந்து கை நீட்டினால் ஒன்றை எடுத்துவிடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் இந்த மாதம் ஒரு முட்டைகூட நிலைப்படி தாண்டி உள்ளே வராது. புரட்டாசி. நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில், முட்டை விற்றுப் பிழைக்கும் குடும்பம் பெருமாளுக்காக ஒரு மாதம் முட்டையைத் தொடாமல் இருப்பதை யாரும் வினோதமாக நினைப்பதில்லை. பதினேழு வருடமாக ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் இருந்துவிட்டு இரண்டு வார விடுமுறைக்கு வந்திருக்கும் எனக்குத்தான் ஜன்னலில் நின்று சிரிப்பு வருகிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒற்றை முட்டையை அவித்து, அதற்கென்றே உள்ள குட்டிக் கிண்ணத்தில் நிறுத்தி, குட்டிக் கரண்டியால் அதன் தலையைத் தட்டித் தின்கிறவன் நான். இங்கே இவ்வளவு முட்டைக்கு நடுவில் நின்றுகொண்டு சாமை களைந்துகொண்டிருக்கிறேன்.

என் மனைவி அன்யா ஜெர்மன்காரி. பத்து வருடமாகப் பால், தயிர், நெய், முட்டை, தேன் என்று எந்த உயிரிடமிருந்து வருவதையும் சாப்பிடுவதில்லை. வீகன் என்பார்கள். கோழிப்பண்ணை வீட்டுக்குப் போகிறோமே, தினம் ஒரு ஆம்லெட்டை மறுத்து யார் மனதையாவது நோகடிக்க வேண்டியிருக்குமே என்று விமானம் ஏறும்போதே பயந்தாள். வந்து பார்த்தால் வீட்டில் முட்டையே சமைப்பதில்லை. தனக்காகத்தான் எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று அவளாகவே முடிவுசெய்து, என் அண்ணன் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்க நன்றி சொன்னாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம். நங்கையா நினைத்துக்கொண்டது வேறு. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மோரைக்கூடத் தொடாமல் வருடம் முழுக்க இருக்கிறாள் என்றால் அது பெருமாளுக்கு எடுத்த விரதம் இல்லாமல் வேறென்ன? அவர் பதிலுக்குக் கும்பிட்டார். அன்யாவும் கும்பிட்டாள். இரண்டு பக்கமும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது மொழிபெயர்ப்பாளன் குறுக்கே போகக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். செய்தி பரவி, பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் துளசி மாலையோடு வந்து அன்யாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விருந்தாளிக்குத் துளசி கொடுப்பது இந்த ஊர் வழக்கம் என்று அவள் டைரியில் எழுதிக்கொண்டாள்.

அண்ணனுக்குத்தான் அன்யாவின் சாப்பாடு புரியவே இல்லை. கறந்த சூட்டோடு பால் கொண்டுவந்து நீட்டினார். பாக்கெட் பால் இல்லை, நம் மாட்டுப் பால் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். மாட்டின் மேல் அவளுக்கு என்ன கோபம் என்று கேட்டார். கோபம் இல்லை, பாவம் பார்க்கிறாள் என்றேன். "நானுந்தாண்டா பாவம் பாக்கறேன். கறக்காம உட்டுப் பாரு, அது கத்தற கத்துல ஊரே எந்திரிச்சு வந்துரும்," என்றார். அதை நான் ஜெர்மன் மொழிக்கு மாற்றவில்லை.

அன்யாவோடு விஷயம் நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அண்ணனுக்குச் சர்க்கரை. அரிசிச் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நங்கையா புரட்டாசி முடியும்வரை வெங்காயம், பூண்டு இரண்டையும் சேர்க்க மாட்டார். எங்கள் மகள் லீனாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குச் சீலியாக் என்றொரு கோளாறு. கோதுமையும் அதைச் சேர்ந்த ஒன்றிரண்டு தானியங்களும் அவள் குடலுக்கு விஷம். ஒரு முழுச் சப்பாத்தி தின்ன வேண்டும் என்பதில்லை, சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்த்துக் கொடுத்தாலே சுருண்டு படுத்துவிடுவாள். அதற்கு மருந்து கிடையாது. விலக்கி வைப்பது ஒன்றுதான் வைத்தியம். இத்தனை பேருக்கும் மூன்று வேளை சைவச் சமையல், சமையல்காரன் நான். ஆம்பிளை அடுப்பில் நிற்பதைப் பார்ப்பதற்கென்றே முதல் இரண்டு நாள் ஒறம்பரை வந்தார்கள். உறவுக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, ஜெர்மனியில் என்னை இப்படித்தான் வைத்திருக்கிறார்களா என்று அண்ணனிடம் தனியாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடுப்பை நங்கையா என்னிடம் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. வந்து இறங்கிய அன்றே, "பாப்பாளுக்கு நீங்களே பண்ணிருங்க தம்பி. நான் காய் நறுக்கித் தாரேன்," என்று சொல்லிவிட்டு அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் குழந்தைக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் நான்கடி இடைவெளி இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு வந்தபோது லீனாவுக்கு ஐந்து வயது. அப்போது எங்களுக்கே அவளுடைய கோளாறு தெரியாது. அந்த வருடம்தான் அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து, வீடு சப்பாத்திக்கு மாறியிருந்தது. நம் ஊரில் சப்பாத்தியைச் சாப்பாடு என்று யார் சொன்னார்கள், அது மருந்து. வீட்டில் சப்பாத்திக்கட்டை உருளும் சத்தம் கேட்டால் யாருக்கோ சர்க்கரை என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். நங்கையா சுடும் சப்பாத்தி லீனாவுக்குப் பிடித்துப்போனது. மடியில் உட்காரவைத்து, நாட்டுச்சர்க்கரை தூவிச் சுருட்டி, கிள்ளிக் கிள்ளி ஊட்டுவார். மூன்று வாரம் அப்படி நடந்தது. கடைசியில் குழந்தைக்கு வயிறு உப்பி, போக்கு நிற்காமல், ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து, துவண்ட கொடியாகத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினோம். லைப்சிக் போய்ச் சில மாதம் கழித்துத்தான் கோதுமைதான் காரணம் என்று தெரிந்தது. அங்கேயும் அவள் தினம் ரொட்டி தின்றுகொண்டுதான் இருந்தாள், எங்கே இருந்திருந்தாலும் இது வெளிவந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான்தான் அதைப் போனில் ஒழுங்காக எடுத்துச் சொல்லவில்லை. அவளுக்குக் கோதுமை ஆகாதாம் என்று மட்டும் சொன்னேன். "அப்ப நாந்தானுங்க குடுத்துக் கெடுத்திருக்கேன்," என்றார் நங்கையா. இல்லை என்று நான் சொல்வதற்குள் போன் அண்ணன் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வீடியோவில் லீனாவுக்குக் கோழிக்குஞ்சு காட்டுவார், கன்றுக்குட்டி காட்டுவார், செம்பருத்தி காட்டுவார். சாப்பிடும் பொருள் எதையும் காட்டமாட்டார்.

நங்கையா கல்யாணமாகி வரும்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அதற்கு முந்தின வருடம் போய்ச் சேர்ந்திருந்தார். திருச்செங்கோட்டில் டிப்ளமோ படித்த மூன்று வருடமும் நங்கையா கட்டிக்கொடுத்த சோற்றுப் போசியோடுதான் பஸ் ஏறினேன். சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை. சாயங்காலம் போசியைத் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்வார். போர்வெல் போடும் ரிக் வண்டிப் பட்டறையில் கம்ப்ரஸர் வேலை கற்று, அந்த வேலையை வைத்தே ஜெர்மனிக்குப் போகும் அளவுக்கு என் உடம்பில் தெம்பு இருந்தது என்றால் அது அவர் போட்ட சோறு. அப்படிப்பட்டவர் என் பெண்ணின் தட்டைக் கண்டால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கிளம்புவதற்குள் நங்கையாவின் கையால் லீனா ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். அதற்கு முதலில் இந்த வீட்டுச் சாப்பாடு அவளை ஒன்றும் செய்யாது என்று நான் நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நிரூபிப்பதற்கு ஜெர்மன் முறையைக் கையாண்டேன். யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று அன்யா நான்கு நிறத்தில் ஓர் அட்டவணை வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். நான் கடைக்குப் போய்ப் புதுச் சட்டிகள், புதுக் கரண்டிகள், ஒரு புதுத் தோசைக்கல் வாங்கி வந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டினேன். லீனாவுக்குச் சிவப்பு. கோதுமை மாவு டப்பாவைத் தூக்கிக் கோழி ஷெட்டின் ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டினேன். தன் மருந்தைக் கோழியிடம் கொடுத்துவிட்டதாக அண்ணன் ஊரெல்லாம் புகார் சொன்னார். அட்டவணையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஷெட்டிலும் தீவன அட்டவணை ஒன்று சுவரில் தொங்குகிறது, மக்காச்சோளம் இவ்வளவு, சோயா இவ்வளவு என்று. "நாப்பதாயிரம் கோழிக்கு ஒரே தீவனம் போட்டு நான் பண்ணையே ஓட்டறேன். ஊட்டுல அஞ்சு பேருக்கு அஞ்சு தீவனமாடா?" என்றார். அவருக்குச் சாமைச் சோறும் கீரையும், நங்கையாவுக்கு வெங்காயம் போடாத குழம்பு, அன்யாவுக்கு நெய் படாத பருப்பு, லீனாவுக்குச் சிவப்புச் சட்டியில் எல்லாமே தனி. ஒரு வேளைச் சமையல் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். எனக்கென்று ஒரு நிறம் கட்ட மறந்திருந்தேன். நின்றபடி மிச்சத்தைத் தின்றேன்.

லைப்சிக்கில் இதெல்லாம் இயல்பு. ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவதானால் முந்தின வாரமே கடிதம் வரும், உங்களில் யாருக்கு எது ஒவ்வாது என்று கேட்டு. எழுதி அனுப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெட்கமே இல்லாமல் எட்டு பேர் எட்டு விதமாகச் சொல்லுவார்கள். லீனா பிறந்தநாள் விழாக்களுக்குத் தன் கேக்கைத் தானே டப்பாவில் கொண்டுபோவாள். மற்றக் குழந்தைகள் வெட்டிய கேக்கைத் தின்ன, அவள் டப்பாவைத் திறந்துகொண்டு ஓரத்தில் உட்காருவாள். பழகிவிட்டது என்பாள். இங்கே அப்படிக் கேட்கிறவர் கிடையாது. ஆகாது என்று நாம் சொன்னாலும், கொஞ்சந்தானே, ஒன்றும் பண்ணாது என்பதுதான் பதில். நம் ஊரில் பிரியம் என்பதே அந்தக் கொஞ்சம்தான். அங்கே டப்பாவில் எழுதியிருக்கும் கொஞ்சத்துக்கு அளவு உண்டு, சட்டம் உண்டு. எந்த ஊர் கொஞ்சத்தை நம்புவது என்று முடிவுசெய்ய முடியாமல்தான் நான் நூல் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அந்த நூலில் ஒரு முடிச்சு விழுந்தது. ஷெட்டில் முட்டை பொறுக்கும் சரசு, வயது ஐம்பதிருக்கும், தண்ணீர் கேட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். சுவரில் தனி ஆணியில் லீனாவின் தட்டும் டம்ளரும் தொங்கின. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்களுக்கு வெக்கறாப்பலயே பாப்பாளுக்கும் தனியா வெச்சுட்டீங்களாக்குமுங்க," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சும்மா, வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த நங்கையாவின் கை நின்றது. எனக்குக் காது சூடானது. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அன்யா கேட்டாள். தட்டு அழகாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன். அன்யா மகிழ்ந்துபோய்ச் சரசுவுக்கு நன்றி சொன்னாள். பதினேழு வருடத்தில் நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே மோசமானது அதுதான்.

ஐந்தாம் நாள் எனக்குத் தலைக்கனம் ஏறியது. நான்கு நாளில் லீனாவுக்கு ஒரு ஏப்பம்கூடத் தப்பாக வரவில்லை. இட்லி, தேங்காய்ச் சட்னி, பாசிப்பருப்பு, வாழைக்காய் வறுவல் என்று பயந்து பயந்து சமைத்தவன், இனி ஊர்ச் சமையலை முழுசாக இறக்கிவிடலாம் என்று துணிந்தேன். துவரம்பருப்புச் சாம்பார், மிளகு ரசம். பருப்பு வாயு என்று அண்ணன் முணுமுணுத்ததால் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டேன். அலமாரியில் எப்போதும் இருக்கும் மஞ்சள் டப்பா, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதே இடத்தில் இருப்பது. லைப்சிக் வீட்டில் பெருங்காயம் கிடையாது. ஒரே ஒருமுறை தாளித்தபோது மேல்மாடி அம்மாள் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் கேஸ் குழாய் கசிகிறதா என்று கேட்டார். இது மசாலா என்றேன். அவர் நம்பாமல் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார். சீருடை போட்டுக் கருவியோடு வந்தவர் அடுப்புக்குக் கீழே தலையை விட்டு முகர்ந்துவிட்டு, குழாய் நன்றாக இருக்கிறது, சாப்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வாங்கவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ரசத்தில் அந்த வாசனை எழும்பியபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. லீனா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு மணி நேரத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். வாந்தி, பிறகு போக்கு, பிறகு மறுபடி வாந்தி. அன்யா அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நூல் கட்டிய சட்டி, தனிக் கரண்டி, புதுக் கல், எதிலும் தப்பு இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ வாய்க்குப் போயிருக்க வேண்டும். நங்கையா பின்வாசலில் வெறும் கையோடு நின்றிருந்தார். நான் அவரிடம் போய், கடுத்த குரலில், "பாப்பாவுக்கு எதாச்சும் குடுத்தீங்களா நங்கையா? ஒரு பிஸ்கட்டு, ஒரு ரொட்டி, கொஞ்சமா எதாச்சும்?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் தொடவே இல்லீங்க தம்பி," என்றார். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு ஷெட்டுப் பக்கம் நடந்துவிட்டார். நான்கு வருடமாக அவராகத் தன்மேல் சுமந்துகொண்டிருந்ததை இப்போது நானே என் வாயால் ஏற்றி வைத்துவிட்டேன் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்தும் கூப்பிடவில்லை. கோபத்தில் இருப்பவனுக்கு நியாயம் இரண்டாம்பட்சம்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் லீனா. லைப்சிக் குழந்தைகள் கதைப் புத்தகம் படிக்கும் வயதில் அவள் டப்பாக்களின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றவள். சாயங்காலம் வாந்தி நின்று, வெளுத்த முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இன்று எதையெல்லாம் போட்டாயோ எல்லாவற்றையும் கொண்டுவா என்று எனக்கு உத்தரவிட்டாள். பருப்பு, புளி, மிளகு, சீரகம், உப்பு, எண்ணெய். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தள்ளி வைத்தாள். மஞ்சள் டப்பாவை நான் கொண்டுபோகவே இல்லை. அதுவுமா என்றுதான் இருந்தது. அவள் கேட்டு வாங்கினாள். கண்ணுக்கு அருகில் வைத்து, எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, "அப்பா, கோதுமை மாவு," என்று ஜெர்மனில் சொன்னாள். பிசினைத் தூளாக்கிக் கட்டிப் பிடிக்காமல் இருக்க மாவு கலப்பார்களாம், பாதிக்கு மேல் மாவுதானாம். உப்பின் பின்பக்கத்தையே படித்துவிட்டு வாங்கியவன் நான். பெருங்காயத்தைப் படிக்கத் தோன்றவில்லை. அந்நிய ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே பழகியவனுக்கு, சொந்த வீட்டு அலமாரியைச் சந்தேகப்பட வரவில்லை.

ஷெட்டில் நங்கையா கூண்டு வரிசைக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, உடைந்த முட்டைகளைத் தனியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் கோழிகள் கொக்கரிக்கும் இடத்தில் மன்னிப்புக் கேட்பது கஷ்டம். கத்தித்தான் கேட்க வேண்டும். "நாந்தானுங்க நங்கையா. பெருங்காயத்துல கோதும மாவு கலந்திருக்குது. நாந்தான் போட்டேன்," என்று கத்தினேன். உங்களைக் கேட்டது தப்பு என்பதையும் கத்தினேன். அவர் முதலில் கேட்டது, "சாமிக்கு இப்ப எப்பிடி இருக்குதுங்க?" என்பதைத்தான். குழந்தைகளை எங்கள் பக்கம் சாமி என்றுதான் கொஞ்சுவோம். தேவலை என்றேன். பிறகு கையிலிருந்த முட்டையை உடைந்தவற்றோடு வைத்தார்.

"நாலு வருசமா ஒவ்வொண்ணா நெனச்சு நெனச்சுப் பாப்பனுங்க தம்பி. எந்தக் கையில குடுத்தேன், எத்தன குடுத்தேன்னு," என்றார். "தெரியாமக் குடுத்தா இப்பிடித்தான் இருக்கும்னு இப்ப உங்களுக்குந் தெரிஞ்சுதுங்களா?"

தெரிந்தது என்றேன். லீனா எங்கே இருந்திருந்தாலும் அது வெளிவந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதையும், நான்கு வருடம் தாமதமாக, கோழிச் சத்தத்துக்கு நடுவில் முழுசாகச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திடீரென்று சிரித்தார். "பெருங்காயத்துல என்னத்துக்குங்க கோதும," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எழுந்து நின்று, "சனிக்கெழம தளிகைக்கு நான் பண்றேன். நீங்க வெளிய உக்காந்துக்கங்க," என்றார். தளிகை என்பது புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்குச் சமைத்துப் படைத்து எல்லோரும் உண்பது. எங்கள் வீட்டில் கடைசிச் சனிக்கிழமை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பயம். இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் லீனா எழுந்து நடமாடத் தொடங்கியதும், நங்கையா அவளைக் கூட்டிக்கொண்டு பரமத்தி வேலூர் மளிகைக் கடைக்குப் போனார். நானும் போனேன், பை தூக்க. நங்கையாவுக்கு ஆங்கிலம் தெரியாது, லீனாவுக்குத் தமிழ் பத்து வார்த்தை தெரியும். அதில் ஆகும், ஆகாது என்ற இரண்டும் இருந்தது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நங்கையா பொட்டலத்தை எடுத்து நீட்டுவார், லீனா திருப்பிப் படித்துத் தீர்ப்புச் சொல்வாள். மல்லித்தூள் ஆகும். ஒரு சாம்பார்ப்பொடி ஆகாது. ஆகாததை நங்கையா அலமாரியின் கடைசி வரிசைக்குத் தள்ளி வைத்தார், வேறு குழந்தை வாங்கிவிடக் கூடாதே என்று. கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மணி கலப்படம் பிடிக்கிற ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்களா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஜெர்மனியிலிருந்து என்றேன். அவர் நாற்காலி போட்டார்.

சனிக்கிழமை காலையில் நங்கையா செய்த முதல் வேலை, என் நூல்களையெல்லாம் அறுத்தது. அட்டவணையின் முன்னால் நின்று, எதெது என்ன என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அது நான்கு சமையலாகத் தெரிந்தது. அவருக்கு ஒரே சமையலாகத் தெரிந்திருக்கிறது. யாருக்கெல்லாம் எதெது ஆகாதோ எல்லாவற்றையும் எல்லோருக்கும் நீக்கிவிட்டார். அரிசிக்குப் பதில் சாமைப் பொங்கல், நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய். பூசணிக்காய் மொச்சைக் குழம்பு, வெங்காயம் பூண்டு இல்லாமல். பெருங்காயம் இல்லாத ரசத்தில் சீரகத்தைக் கூடுதலாகத் தட்டிப்போட்டார். உளுந்து வடை, தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்புப் பாயசம். பாயசத்தை மட்டும் அண்ணன் கண்ணால் பார்த்தால் போதும் என்று தீர்ப்பாயிற்று. ஒறம்பரையில் ஒரு பெரியவர், நெய் இல்லாமல் பெருமாளுக்குத் தளிகையா என்று இழுத்தார். "ஒரு சனிக்கெழம நெய் இல்லீனா ஒன்னும் ஆயிராதுங்க மாமா. அவரு வருசம் பூராத் திங்கறாரு," என்று நங்கையா கரண்டியை விடாமல் சொன்னார். லைப்சிக்கில் ஒவ்வொருவருக்கும் அவரவர் தட்டு. இங்கே ஆளுக்கொன்றை விட்டுக்கொடுத்த ஒரே சட்டி. எது சரி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாத்திரம் கழுவுகிறவனாகச் சொல்வதானால் ஒரே சட்டி நல்லது. ஆனால் அன்றும் சரசு பின்வாசலில்தான் இலை போட்டுக்கொண்டாள். நான் கூப்பிட்டேன், அவள் வரவில்லை, நங்கையா வற்புறுத்தவும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

கோவிந்தா சொல்லித் தீபாராதனை முடிந்து, கூடத்தில் வேலூர் வாழையிலைகள் விரிந்தன. அன்யா பொங்கலை வாயில் வைத்துவிட்டு, இவ்வளவும் எனக்காகவா என்று மறுபடி கலங்கினாள். இந்த முறை அவள் நினைத்ததில் கால்வாசி உண்மை இருந்தது. லீனாவின் இலை கடைசியில். லைப்சிக்கில் எந்த வீட்டிலும், எவர் கொடுத்தாலும், வாய்க்குக் கொண்டுபோகும் முன் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் தலையாட்டிய பிறகுதான் வாய் திறக்கும். அன்யாவின் அம்மா கொடுத்தாலும் அப்படித்தான். நங்கையா அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாமையில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு உருண்டை உருட்டினார். கை பாதி வழியில் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. "ஆகுங்களா சாமி?" என்று லீனாவிடமே கேட்டார். நான் தலையாட்டத் தயாராக எழுந்தே நின்றுவிட்டேன். லீனா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆகும்," என்று சொல்லி வாயைத் திறந்தாள். இரண்டாவது உருண்டைக்கு நங்கையா கேட்கவில்லை. மூன்றாவதுக்குக் கை வழியில் நிற்கவே இல்லை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என் பெண்ணுக்கு நான் தேவைப்படாமல் போனேன் என்பதில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் நானும் நங்கையாவும்தான். அவர் எனக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். "எல்லாருக்கும் எழுதியிருக்குதுங்க. உங்களுக்கு எது ஆகாதுன்னு எழுதவே இல்லீங்களே தம்பி?" என்றார். எனக்கு எல்லாமே ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். வரும் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். லைப்சிக்கில் ஞாயிற்றுக்கிழமை ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதெல்லாம் நாக்கு இந்த ரசத்தைத் தேடும். இங்கே வந்து ஏழாம் நாள் ஆகிறது, இரண்டு நாளாக நாக்கு ரகசியமாக அந்தக் கருப்பு ரொட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறது, என் பெண்ணுக்கு விஷமான அதே ரொட்டியை.

"கெளம்பறதுதானுங்க நங்கையா எனக்கு ஆகாது," என்றேன்.

"அதுக்கு எங்கிட்ட மருந்தில்லீங்க," என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார். இங்கேயே இருப்பதும் எனக்கு ஆகாது என்கிற மறுபாதியை நான் அவரிடம் சொல்லவில்லை. சாமையோடு சேர்த்துப் பிசைந்து விழுங்கினேன்.